அசனத்துக்கு வந்த நாற்பதடி

ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஊர் கோயில் அசனத்தில், கறிக்குழம்பு வாசனையை மட்டும் மோந்துகொண்டு மொத்த ஊரும் முக்கால் மணி நேரம் வெறும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் நான்தான். ஊர்ப் பெயரை எழுதக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. நாசரேத்துக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவில் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள். (அந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதுவே போதும். இந்நேரம் சிரிக்க ஆரம்பித்திருப்பார்கள்.)

அசனம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை, கோயில் பண்டிகை முடிகிற நாளில், சபையார் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற சோறு அது. ஆண்கள்தான் சமைப்பார்கள். வடித்த சோற்றைப் புதுப் பாயில் குவித்து, ஜெபம் பண்ணி, வாளி வாளியாகப் பரிமாறுவார்கள். துபாயில் இருக்கிறவன்கூட லீவு போட்டுவிட்டு வந்து சேருவான். முப்பத்தொரு வருஷமாக அதற்கு வராத ஒரே ஆள் நான்.

நான் அரசுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்து தலைமை ஆசிரியராக ரிட்டயர் ஆனவன். எனக்குப் போஸ்டிங் போட்டவர்கள் எல்லோரும் மேப்பில் எங்கள் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, அதற்கு எதிர் மூலையில் விரலை வைத்தார்கள். வாடகை அறை, மெஸ் சோறு, சனிக்கிழமை பஸ், ஞாயிற்றுக்கிழமை பஸ். லீவு போட்டிருக்கலாம்தான். ஆனால் நான் ஒரு நாள் இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் இடிந்து விழுந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். (இடியவில்லை. நான் போன பிறகு ரிசல்ட் கூடியிருப்பதாகக் கேள்வி.)

என் வீட்டுக்காரி பெயர் வயலட். நர்ஸ் வேலை பார்த்து எனக்கு முன்னாலேயே ரிட்டயர் ஆனவள். இரண்டு பெண்களை வளர்த்து, படிக்க வைத்து, கட்டிக் கொடுத்தது முக்கால்வாசி அவள்தான். நான் கல்யாணப் பத்திரிகையில் இருந்தேன்.

ரிட்டயர் ஆகி வீட்டோடு வந்ததும் இருவருக்கும் தேனிலவு என்று நினைத்தேன். இரண்டு மாதத்தில் அவளுக்குப் பிரஷர் மாத்திரை ஆரம்பித்தார்கள். அஞ்சறைப் பெட்டியை அகர வரிசைப்படி அடுக்கியது நான்தான். பால்காரரை ஆறு நிமிஷம் லேட் என்று வாசலில் நிற்க வைத்ததும் நான்தான். ஒருநாள் அவள் பொறுமையாக உட்கார்ந்து, காய்ச்சல்காரனுக்குச் சொல்வதுபோல் சொன்னாள். காலையில் எங்கேயாவது போய்விட வேண்டும். ஆனால் சாயங்காலம் வந்துவிட வேண்டும். பழையபடி வாரத்துக்கு ஒருமுறை வருகிற கதை மட்டும் இனி வேண்டாம்.

எனக்கு லாரி ஓட்ட ஆசை. முப்பத்தொரு வருஷமும் பஸ்ஸில் முன் சீட்டைப் பிடித்து, டிரைவரின் காலையும் கியரையும் பார்த்துக்கொண்டே வந்தவன் நான். மனசுக்குள் அத்தனை பஸ்ஸையும் நான்தான் ஓட்டியிருக்கிறேன். ஹெவி லைசென்ஸ் எடுக்கப் போனபோது டாக்டர் என் கண்ணைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், கடைசியில் வயலட்டைப் பார்த்து, "நிஜமாவா?" என்று கேட்டார். அவள் தலையாட்டிய வேகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

வேலை கொடுத்தது முருகேசன். நான் வேம்பாரில் இருந்தபோது என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். பதின்மூன்றாம் வாய்ப்பாடு தெரியாததற்காக ஒரு வாரம் பெஞ்சில் ஏறி நின்றவன். இப்போது தூத்துக்குடியில் பதினான்கு டிரெய்லர் வைத்திருக்கிறான். (வாய்ப்பாடு இன்னும் தெரியாது, கேட்டுப் பார்த்தேன்.) வயலட்டும் என்னோடு அவன் ஆபீசுக்கு வந்தாள். கையில் ஒரு முழுத்தாள். அதில் மூன்று நிபந்தனை.

"சார் ராத்திரி வீட்டுலதான் தூங்கணும். ஞாயித்துக்கெழம வண்டியத் தொடக் கூடாது. அசனத்தன்னைக்கு மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வீட்டுல இருக்கணும். கையெழுத்துப் போடுங்க தம்பி."

முருகேசன் எழுந்து நின்று கையெழுத்துப் போட்டான். மற்ற டிரைவர்கள் பெங்களூர், ஹைதராபாத் என்று போக, எனக்கு மட்டும் துறைமுகத்துக்கும் யார்டுக்கும் நடுவில் ஓட்டம். யார்டு என்பது கப்பலில் போகிற கண்டெய்னர் பெட்டிகளை இறக்கி அடுக்கி வைக்கிற மைதானம். காலையில் டிபன் பாக்ஸோடு போய்ச் சாயங்காலம் திரும்பிவிடுவேன். அங்கே எனக்கு 'ஸ்கூல் பஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

அந்த வருஷ அசனத்தில் எங்கள் வீட்டு முறை வந்தது. முதல் பந்திக்கு முதல் வாளியைத் தூக்கிக்கொண்டு போவது எங்கள் ஊரில் பெரிய மரியாதை. வருஷத்துக்கு ஒரு வீடு, அந்த வீட்டுப் புருஷன் தூக்க வேண்டும். எங்களுக்கு முன்பு ஒருமுறை வந்தபோது நான் இல்லாததால் வயலட் அதைப் பக்கத்து வீட்டுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, பந்தியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இந்தத் தடவை விட்டால் அடுத்த முறை வரும்போது நாங்கள் இருப்போமா என்பதே சந்தேகம். கோயிலில், ரேஷன் கடையில், மருந்துக் கடையில், எல்லா இடத்திலும் அவள் சொல்லி வைத்திருந்தாள், இந்த வருஷம் அவுகதான் தூக்குதாகன்னு.

முந்தின நாள் முருகேசன் போன் பண்ணினான். டிரைவர் இரண்டு பேர் வரவில்லை, கப்பல் புறப்படப் போகிறது, காலையில் ஒரே ஒரு டிரிப். லோடு பெட்டியைத் துறைமுகத்துக்குள் இறக்கிவிட்டு, காலிப் பெட்டி ஒன்றை ஏற்றி யார்டில் விட வேண்டும். "உங்களால முடியாதுன்னா வேண்டாம் சார்" என்று முடித்தான். பெஞ்சில் நின்ற பயல் என்னிடம் 'முடியாது' என்ற வார்த்தையைச் சொன்னால் நான் எப்படிச் சும்மா இருப்பேன்? பத்து மணிக்கே முடித்துவிடுவேன் என்றேன். வயலட் என் பட்டு வேட்டியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

காலை ஆறு மணிக்குத் துறைமுக கேட் வரிசையில் போய் நின்றேன். எனக்கு முன்னால் பதினேழு வண்டி. எண்ணிவிட்டேன், கணக்கு வாத்தியாராயிற்றே. இங்கேதான் என் கல்வித்துறை அனுபவம் காலை வாரியது. முப்பத்தொரு வருஷம் அசெம்பிளி நடத்தியவன் நான். கையை நீட்டி, முன்னால் நிற்பவன் தோளைத் தொடாமல், ஒரு கை இடைவெளி விட்டு நிற்பதுதான் வரிசை என்று ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன். டிரெய்லருக்கும் ஒரு கை இடைவெளி விட்டேன். டிரெய்லர் பெரிது என்பதால் கையும் பெரிதாகத்தானே இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, தாராளமாகவே விட்டேன்.

அந்த இடைவெளியில் ஒரு வண்டி நுழைந்தது. வரிசை நகர்ந்ததும் நான் மறுபடி ஒரு கை விட்டேன். இன்னொன்று நுழைந்தது.

பக்கத்தில் நின்ற வண்டியிலிருந்து அந்தோணி எட்டிப் பார்த்தான். எங்கள் கம்பெனியில் மூத்த டிரைவர், கடற்கரைக்காரன். "அண்ணாச்சி, முன்னால நிக்க வண்டி முதுகுல மூக்க வச்சு நிப்பாட்டுங்க. இப்படி எடம் விட்டியன்னா நாளைக்கும் இங்கனதான் நிப்பிய" என்றான். ஒழுங்கு என்பது ஒவ்வொருவரும் தன்னிடமிருந்து ஆரம்பிக்க வேண்டியது என்று ஜன்னல் வழியாக அவனுக்கு ஐந்து நிமிஷம் எடுத்துச் சொன்னேன். அந்த ஐந்து நிமிஷத்தில் மூன்று வண்டி நுழைந்தது. அந்தோணி கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

ஒன்பது மணிக்கு மறுபடி எண்ணினேன். முன்னால் இருபத்துமூன்று. மூன்று மணி நேரத்தில் ஆறு வண்டி பின்னுக்குப் போயிருக்கிறேன். பொறுக்க முடியாமல் இறங்கிப் போய், புதிதாக நுழைந்த ஒருவனிடம் விரலை ஆட்டி, எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாய் என்று கேட்டேன். அவன் இந்தியில் ஏதோ பதில் சொன்னான். நல்ல வார்த்தையாக இருக்காது என்று மட்டும் புரிந்தது.

பன்னிரண்டு மணிக்கு வயலட் கூப்பிட்டாள். "எங்க இருக்கிய?"

"கேட்டுக்குப் பக்கத்துல."

பொய் இல்லை. ஆறு மணியிலிருந்தே கேட்டுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறேன். அவள் "சரி" என்று வைத்துவிட்டாள். அவள் திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். அந்த 'சரி'யை அவள் முப்பத்தொரு வருஷம் சொல்லியிருக்கிறாள், எனக்கு இப்போதுதான் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு என் கொள்கையை மூட்டை கட்டி சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டு, முன் வண்டியின் முதுகில் மூக்கை வைத்தேன். முக்கால் மணி நேரத்தில் உள்ளே போய்விட்டேன். லோடை இறக்கி, காலிப் பெட்டியை ஏற்றி வெளியே வரும்போது மணி இரண்டு. யார்டுக்குப் போகிற ரோட்டைப் பார்த்தேன். அங்கேயும் ஒரு வரிசை, வால் தெரியவில்லை. அசனம் நாலு மணிக்கு. வண்டியை யார்டில் விட்டு பஸ் பிடித்தால் அண்டா கழுவுகிற நேரத்துக்குத்தான் போய்ச் சேர முடியும். ஆபத்தான யோசனைகள் எல்லாம் எனக்கு மிகத் தெளிவாகத்தான் வரும். முருகேசனைக் கூப்பிட்டேன்.

"முருகேசா, வண்டிய வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

"எந்த வீட்டுக்கு சார்?"

"என் வீட்டுக்குத்தான்."

ரொம்ப மரியாதையாக, "சார், அது நாப்பதடி சார்" என்றான். எனக்குக் கணக்கு தெரியும் என்று சொல்லி போனை அணைத்தேன்.

அந்த ஒன்றரை மணி நேரம் என் வாழ்க்கையிலேயே பெரிய ராஜ்யம். இரண்டு பக்கமும் உப்பளம், பிறகு முக்காணிப் பாலம், ஆறுமுகநேரி, குரும்பூர், அப்புறம் பனங்காடு. பஸ்காரன் எல்லாம் ஒதுங்கி வழி விடுகிறான். மனசுக்குள் ஓட்டிய அத்தனை பஸ்ஸுக்கும் சேர்த்து ஹார்ன் அடித்தேன். பாட்டுகூடப் பாடினேன், சுருதி சேராவிட்டாலும் கேட்க ஆள் இல்லை.

ஊருக்கு வெளியே பஸ் ஸ்டாப் மைதானத்தில் வண்டியை விட்டுவிட்டு நடந்து போவதுதான் திட்டம். மைதானம் முழுக்க அசனத்துக்கு வந்த வேனும் காரும். அங்கேயே ரோட்டோரமாக நிறுத்தியிருக்கலாம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு பெரிய வண்டியை நான் ஓட்டி வருவதை ஊர் பார்க்க வேண்டும் என்று ஆசை. கோயில் தெருவுக்குள் திருப்பினேன்.

தெரு வாயில் கட்டியிருந்த 'நல்வரவு' துணி பெட்டியில் மாட்டி அறுந்து கண்ணாடி மேல் விழுந்தது. வைப்பரைப் போட்டு ஒதுக்கினேன். தெருவின் ஒரு பக்கம் கோயில் மதில், மறுபக்கம் பள்ளிக்கூட மதில். நடுவில் இரண்டு கேட்டும் எதிரெதிரே. தாண்டி முன்னால் போனதும் வளைவு. வளைவில் கரண்ட் கம்பம். நான் பயிற்சி எடுத்தது உப்பளத்துக்குப் பக்கத்துப் பொட்டலில். அங்கே இடிப்பதற்கு ஒன்றுமே கிடையாது. இங்கே எல்லாமே இருந்தது. கம்பத்துக்கு நாலு விரல்கடை முன்னால் பிரேக்கை மிதித்தேன். ரிவர்ஸ் எடுக்கலாம் என்று கண்ணாடியைப் பார்த்தால், லேட்டாக வந்த கார்கள் எல்லாம் என் பின்னாலேயே வந்து நின்றுவிட்டன. ஒருத்தன்கூட ஒரு கை இடைவெளி விடவில்லை.

இப்போது நிலைமையைக் கேளுங்கள். சமையல் முழுக்கப் பள்ளிக்கூட மைதானத்தில். பந்தி முழுக்கக் கோயில் வளாகத்தில். சோறும் குழம்பும் ஒரு கேட்டை விட்டு வெளியே வந்து, நாலு எட்டு நடந்து, எதிர்க் கேட்டுக்குள் போக வேண்டும். அந்த நாலு எட்டில் என் பெட்டி நிற்கிறது; மதிலுக்கும் அதற்கும் நடுவில் ஆள் ஒருக்களித்துப் போகலாம், வாளி போகாது. சுற்றி வரலாம் என்றால் பஜார் வழியாக அரைக் கிலோமீட்டர், அதிலும் வண்டி அடைத்துக் கிடக்கிறது. ஊரும் சோறும் ஒரு சுவர் இடைவெளியில் ஒன்றையொன்று மோந்துகொண்டிருந்தன.

கதவைப் பாதி திறந்து, வயிற்றை உள்ளிழுத்து, இரண்டு பொத்தானைக் காவு கொடுத்து இறங்கினேன். எங்கள் ஐயர் (குருவானவரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) ஏற்கெனவே ஜெபத்தை முடித்திருந்தார். சோறு வராததால் இன்னொரு ஜெபம் பண்ணினார். பாடகர் குழு மூன்று பாட்டுப் பாடியது. பிறகு மைக்கில், வழியில் நிற்கும் லாரியின் டிரைவர் எங்கிருந்தாலும் உடனடியாக வரவும் என்று அறிவித்தார். நான் அந்த மைக் கம்பத்துக்கு அடியில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஓடிப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். ஓடினால் இவ்வளவு பெரிய தடயத்தை எங்கே கொண்டு ஒளிப்பது?

கூட்டம் விலகியது. வயலட் வந்தாள். மரூன் பட்டுச் சேலை, தலையில் பூ, அதற்கு முன்பு அந்தச் சேலையை அவள் கட்டி நான் பார்த்ததில்லை. என்னைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை.

"வந்துட்டியளா?" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாள். முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் நடுவில், ஒரு ஆள் குத்த வைத்து உட்காருகிற அளவுக்கு இடம் இருந்தது.

"மொத வாளி யாரு எடுக்கணும்?"

"நான்தான்."

"அப்ப உள்ள போங்க."

அறுபது வயது, ரிட்டயர்டு தலைமை ஆசிரியர், முப்பத்தொரு வருஷ சேவைக்குச் சால்வை போர்த்தப்பட்டவன். தவழ்ந்து டிரெய்லருக்கு அடியில் போய் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடப் பக்கத்திலிருந்து முதல் வாளி வந்தது. ஆட்டுக்கறிக் குழம்பு, கொதிக்கக் கொதிக்க. வாங்கித் திரும்பி, கோயில் பக்கம் நீட்டினேன். அங்கே வாங்கியது வயலட்டின் கை. வளையலை வைத்து அடையாளம் கண்டுபிடித்தேன்.

அப்புறம் நிற்கவே இல்லை. ஓலைப்பெட்டியில் சோறு, வாளியில் குழம்பு, கறி சாப்பிடாதவர்களுக்குச் சாம்பார், பிறகு ரசம். மூன்று பந்தி. அன்றைக்கு எங்கள் ஊரில் ஒரு பருக்கைகூட என் கையைத் தாண்டாமல் யார் வாய்க்கும் போகவில்லை. மேலேயிருந்து கிரீஸ் சொட்டு சொட்டாகப் பின் கழுத்தில் விழுந்தது. கோயில் பக்கம் இருப்பவர்களுக்கு லாரிக்குக் கீழேயிருந்து இரண்டு கை வாளியோடு வருவது மட்டும்தான் தெரியும். பழைய சேக்காளி ஒருவர் குனிந்து பார்த்து, "ஸ்தோத்திரம் சார், எப்ப வந்தீங்க, பிள்ளைகள்லாம் சவுக்கியமா?" என்று விசாரித்தார். ரசத்தைப் பிடித்துக்கொண்டே எல்லோரும் சவுக்கியம் என்றேன்.

வெட்கத்தில் செத்துக்கொண்டுதான் இருந்தேன். கூடவே சந்தோஷமாகவும் இருந்தது, சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒவ்வொரு வாளிக்கும் வயலட் "சூடு, பாத்து" என்பாள். நான் "பிடிச்சிக்கோ" என்பேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்தாற்போல் ஒரு வேலையை இவ்வளவு நேரம் செய்தது அதுதான் முதல் தடவை. அவள் கை நடுவில் ஒருமுறைகூட விலகவில்லை, வேறு யாரிடமும் மாற்றிக் கொடுக்கவும் இல்லை.

கடைசிப் பந்தி முடிந்ததும் எழுந்திருக்கப் பார்த்தேன். முட்டி மாட்டேன் என்றது, இடுப்பு அதை ஆமோதித்தது. வயலட் குனிந்து பார்த்தாள், நர்ஸாயிற்றே, ஒரே பார்வையில் புரிந்துகொண்டாள். போய் இரண்டு இலையில் சோறு போட்டு எடுத்து வந்தாள். பட்டுச் சேலையை வாரிச் சொருகிக்கொண்டு, தவழ்ந்து உள்ளே வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கு ஒரு இலையை நீட்டிவிட்டு அவளும் சாப்பிட்டாள்.

"உங்க கூட உக்காந்து அசனம் சாப்பிடணும்னு ரொம்ப நாளா நெனச்சிருந்தேன்" என்றாள். பிறகு மேலே அச்சையும் டயரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இப்படின்னு நெனைக்கல" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கிரீஸ் விழுந்தது என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

என்னை நாலு பேர் இழுத்து வெளியே எடுத்தார்கள். கார்கள் எல்லாம் கலைந்த பிறகு முருகேசனும் அந்தோணியும் வந்து சேர்ந்தார்கள். அந்தோணி ஏறி உட்கார்ந்து, வாயில் இருந்த வெற்றிலையைக்கூடத் துப்பாமல், ஒரே ரிவர்ஸில் ஐந்து நிமிஷத்தில் வண்டியைத் தெருவை விட்டு வெளியே கொண்டுபோய்விட்டான். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய அவமானம். முருகேசனுக்கு என்னைத் திட்ட வேண்டும் என்று ஆசை. முகத்தில் தெரிந்தது. ஆனால் பழைய வாத்தியாராயிற்றே. வயலட் கொடுத்த கறிச்சோற்றை நின்றுகொண்டே சாப்பிட்டான். முடித்துவிட்டு, "சார், நீங்க வீட்டுக்குப் போறது முக்கியம்தான், வண்டியும் அது வீட்டுக்குப் போகணும்ல சார்" என்றான். இத்தனை வருஷத்தில் அவன் எனக்குச் சொல்லிக் கொடுத்த ஒரே பாடம். அந்த முழுத்தாளை வாங்கி வயலட்டே நாலாவது நிபந்தனையை எழுதினாள்: சார் மட்டும் வீட்டுக்கு வர வேண்டும்.

இப்போதும் ஓட்டுகிறேன், யார்டுக்குள் மட்டும். பெட்டியை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாற்றுகிற வேலை. அங்கே வளைவும் கம்பமும் கிடையாது, நாலு மணிக்கு பஸ் ஏறிவிடலாம்.

அசன வாரம் வந்துவிட்டால் மட்டும் தெருவில் தலைகாட்ட முடிவதில்லை. பால்காரரிலிருந்து ஐயர்வரைக்கும் வயலட்டை நிறுத்தி ஒரே கேள்விதான் கேட்கிறார்கள், "சார் இந்த வருசம் எதுல வாராக?" என்று. அவளும் வருஷம் தவறாமல் ஒரே பதிலைத்தான் சொல்கிறாள்.

"நடந்துதான். நான் கையப் பிடிச்சிக் கூட்டிட்டு வாறேன்."

ஊர் சிரிக்கும். அசனத்தன்றைக்கு, பட்டு வேட்டியும் நானுமாக வாசல்படி இறங்கும்போது, அவள் நிஜமாகவே கையைப் பிடித்துக்கொள்கிறாள். கோயில் கேட்வரைக்கும் விடுவதே இல்லை.